அத்தியாயம் 7: வசூலிலிருந்து கட்டுங்கள் கணக்கை
(ஃபின்டெக் தொழிலுக்கு நிதி மாடல் போடுவது எப்படி?)

தென்காசி பக்கத்து அச்சன்புதூரில் காலையில் கடை திறந்ததும் தண்டல்காரர் வந்துவிடுவார். கையில் நீள நோட்டு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பணம் வந்தால் கட்டத்தில் தொகை விழும், வராவிட்டால் சுழி. மாதக் கடைசியில் அவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்தச் சுழிகளைத்தான்.

ஃபின்டெக் கம்பெனி தொடங்க நினைக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எக்செல்லின் முதல் ஷீட்டில் 'இந்தியச் சந்தை இத்தனை லட்சம் கோடி, அதில் ஒரு சதவீதம் நமக்கு' என்று எழுதுகிறார்கள். வாராக்கடன் பன்னிரண்டாவது ஷீட்டின் ஓரத்தில் ஒற்றை எண்ணாகக் கிடக்கும். முதலீட்டாளர் முதலில் தேடுவதோ அந்த எண்ணைத்தான்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டு. அச்சன்புதூரை மையமாக வைத்து வடகரை, பண்பொழி, கடையநல்லூர், செங்கோட்டை, தென்காசி, பாவூர்சத்திரம் வட்டாரச் சிறுகடைகளுக்குச் செயலி வழியாகச் சரக்கு எடுக்கக் கடன் ஏற்பாடு செய்யும் கம்பெனி. கம்பெனி கற்பனை, அதன் தொகைகளும் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்தவை. உங்கள் எண்களைப் படி 1-இல் நீங்களே சேகரிப்பீர்கள். சட்ட வரம்புகளும் தேதிகளும் நிஜம்.

தேவையானவை: எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் அல்லது ஸோஹோ ஷீட், ஒரு நோட்டு, தெருவில் நடக்க இரண்டு வாரம்.

தொடங்குமுன்: எந்த ரூபாயில் நமக்குப் பங்கு?

மாடல் போடுமுன் ஒரே வரியில் எழுதுங்கள்: 'எங்களுக்கு யார், எதற்காக, எவ்வளவு தருகிறார்கள்?' இதற்குப் பதில் வராவிட்டால் எக்செல்லைத் திறக்க வேண்டாம். எழுதியதை மூன்று உண்மைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. யு.பி.ஐ.யில் கடைக்காரரிடம் கட்டணம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ., ரூபே டெபிட் கார்டு பரிவர்த்தனைகளுக்கு வணிகர் கட்டணம் பூஜ்யம். 'ஒரு ஸ்கேனுக்கு 20 காசு' என்று வரவில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

2. சொந்தமாகக் கடன் கொடுக்க உரிமம் வேண்டும். 2022 அக்டோபர் முதல், புதிதாக என்.பி.எஃப்.சி. (வங்கியல்லாத நிதி நிறுவனம்) பதிவு கேட்பவரிடம் பொதுவாக 10 கோடி ரூபாய் நிகர சொந்த நிதி இருக்க வேண்டும். கடைகளுக்காக இணையவழிப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் அக்ரிகேட்டர் ஆக வேண்டுமானால் விண்ணப்பிக்கும்போது 15 கோடி, மூன்றாவது நிதியாண்டு முடிவில் 25 கோடி நிகர மதிப்பு.

3. அவ்வளவு பணம் இல்லாதவருக்கு உள்ள வழி, உரிமம் பெற்ற என்.பி.எஃப்.சி.யோடு ஒப்பந்தம் போட்டு 'கடன் சேவை வழங்குநர்' ஆவது. ஆளைக் கண்டுபிடிப்பது, சரிபார்ப்பது, வசூலுக்கு உதவுவது நம் வேலை. பணம் அவர்களுடையது.

நம் எடுத்துக்காட்டு மூன்றாவது வழி. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பரில் வந்து, 2025 மே மாதம் ஒரே தொகுப்பாக மறுபடி வெளியிடப்பட்டன. அவற்றின்படி கடன் தொகை என்.பி.எஃப்.சி.யிலிருந்து நேராகக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும்; தவணையும் நேராக அங்கேயே திரும்ப வேண்டும். நம் கணக்கைத் தொட்டுப் போகக் கூடாது. நமக்கான கூலியைத் தருவதும் என்.பி.எஃப்.சி.தான், கடன் வாங்கியவரிடம் நாம் நேராக வாங்கக் கூடாது. ஆகவே வரவு ஷீட்டில் 'வாடிக்கையாளரிடமிருந்து' என்று ஒரு வரிகூட இருக்காது.

ஏழு ஷீட், இந்த வரிசையில்

1. அனுமானங்கள் (எல்லா எண்ணும் இங்கே மட்டும்)
2. ஒரு கடனின் கணக்கு
3. வசூல்
4. மாத வாரியாகக் கடன் எண்ணிக்கை
5. செலவும் லாப நஷ்டமும்
6. ரொக்க ஓட்டம்
7. கேட்கும் தொகையும் பங்கும்

நாம் கையால் தட்டிய எண் நீல எழுத்தில், ஃபார்முலா கறுப்பில் இருக்கட்டும். ஃபார்முலாவுக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். '=B4*0.24' என்று எழுதினால், வட்டி 22 ஆகும் நாளில் எங்கெங்கே மாற்றுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

படி 1: தெருவில் இறங்கி எண் எடுங்கள்

இருபது கடைக்குப் போங்கள். பலசரக்கு, காய்கறி, டீக்கடை, தேங்காய் வியாபாரம், செல்போன் ரீசார்ஜ், குற்றாலத்துச் சீசன் கடை என்று கலந்து எடுங்கள்.

நேராகக் கேட்டால் நேரான பதில் வராது. 'அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு யாவாரம் ஆகும்?' என்றால், 'எங்க தம்பி, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம்' என்பார். அடுத்த கடை பாயும் அதையேதான் சொல்வார். கேள்வியைத் திருப்புங்கள்:

1. 'சரக்கு எடுக்க வாரத்துக்கு எத்தனை நாள் போறீங்க?'
2. 'ஒரு தடவைக்கு எவ்வளவுக்கு எடுப்பீங்க?'
3. 'கையில பணம் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?'
4. 'தண்டல் எடுத்தா, கையில எவ்வளவு தருவாங்க, எத்தனை நாள் கட்டணும்?'
5. 'எந்த மாசம் கட்டக் கஷ்டமா இருக்கும்?'

முதல் இரண்டு பதிலைப் பெருக்கினால் கொள்முதல் தெரியும், அதிலிருந்து வியாபாரத்தை ஊகிக்கலாம். நான்காவது, நம் போட்டியாளரின் உண்மையான வட்டியைக் காட்டும். ஐந்தாவது பதில் படி 4-இல் வந்து உட்காரும்.

குறிப்பு: பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கடன் நிறுவனங்களின் ஆண்டறிக்கையும் பங்கு வெளியீட்டு ஆவணமும் இணையத்தில் இலவசம். 1984-இல் சென்னையில் தொடங்கி, சிறு வணிகர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்து, 2022 நவம்பரில் பட்டியலிட்ட ஃபைவ் ஸ்டார் பிசினஸ் ஃபைனான்ஸின் ஆவணங்களைப் படியுங்கள். அவர்கள் சொத்தை அடமானம் வாங்கிக் கொடுக்கிறார்கள். நாம் அடமானமில்லாமல் கொடுக்கப் போகிறோம். நம் வாராக்கடன் அவர்களுடையதைவிடக் குறைவு என்று உங்கள் ஷீட் சொன்னால், காரணம் கேட்பார்கள்.

படி 2: ஒரே ஒரு கடனின் கணக்கு

ஆயிரம் கடனுக்குப் போகுமுன் ஒரு கடனில் காசு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கடன் 40,000 ரூபாய், ஆறு மாதம், அசல் மாதந்தோறும் சம பங்காகத் திரும்புகிறது, வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். அதில் 14 என்.பி.எஃப்.சி.க்கு, 10 நமக்கு.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 40,000-க்கு ஆறு மாதத்துக்கு 12 சதவீதம், 4,800 ரூபாய் வட்டி என்று போடுகிறார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதால் முழுத் தொகையும் வெளியே நிற்பது முதல் மாதம் மட்டும். மாதத்துக்கு 2 சதவீதம் வீதம் குறையும் அசலுக்குக் கூட்டினால் மொத்த வட்டி 2,800 ரூபாய்தான். 4,800 என்று போட்டவருடைய மாடல் முதல் வரியிலேயே எழுபது சதவீதம் ஊதிப்போயிருக்கிறது.

நமக்கு வரவு:
- வட்டியில் நம் பங்கு: ரூ. 1,167
- என்.பி.எஃப்.சி. வாங்கி நமக்குத் தரும் செயலாக்கக் கட்டணம், 2 சதவீதம்: ரூ. 800
- மொத்தம்: ரூ. 1,967

செலவு:
- ஆளைத் தேடிச் சேர்க்க: ரூ. 300
- கே.ஒய்.சி., கடன் வரலாற்று அறிக்கை, மின் கையெழுத்து: ரூ. 150
- வசூல்: ரூ. 200
- திரும்பாத கடன், 3 சதவீதம்: ரூ. 1,200
- மொத்தம்: ரூ. 1,850

மிச்சம்: ரூ. 117.

ஆறு மாத உழைப்புக்கு 117 ரூபாய். இப்போது மூன்றை நான்காக்கிப் பாருங்கள். கூடுதலாக 400 ரூபாய் போகும். 117 மிச்சம் 283 நஷ்டமாக மாறும். இரண்டாக்கினால் மிச்சம் 517. செலவுப் பக்கத்தில் இவ்வளவு பலம் வேறு எந்த எண்ணுக்கும் இல்லை. ஆளைத் தேடும் செலவைப் பாதியாக்கினால்கூட மிச்சம் 150 ரூபாய்தான் கூடும்.

அடுத்து, ஒழுங்காகக் கட்டிய அதே கடைக்காரருக்கு இரண்டாவது கடன். தேடும் செலவு 50, சரிபார்ப்பு 80, வசூல் 200. கட்டிப் பழகியவர் என்பதால் வாராக்கடன் 2 சதவீதம், அதாவது 800. மொத்தச் செலவு 1,130, மிச்சம் 837. தொழிலே இரண்டாவது கடனில்தான் இருக்கிறது. முதல் கடன் ஆளைத் தெரிந்துகொள்ளக் கொடுக்கும் விலை. முதலீட்டாளரிடம் இதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

குறிப்பு: கட்டணத்தையும் சேர்த்தால் கடைக்காரருக்கு இந்தக் கடனின் ஆண்டு விலை 24 சதவீதம் இல்லை, 30-ஐத் தாண்டும். இந்த மொத்த விலையைக் கடன் கொடுக்குமுன் முக்கிய விவரத் தாளில் காட்டுவது கட்டாயம். மாடலிலும் தனி வரியாக வையுங்கள்.

படி 3: வசூல் ஷீட்

தண்டல் நோட்டை அப்படியே எக்செல்லுக்கு மாற்றுங்கள்.

1. ஒவ்வொரு மாதம் கொடுத்த கடன்களையும் ஒரு தொகுப்பாக ஒரே வரியில் எழுதுங்கள்: 'ஜூன் தொகுப்பு', 'ஜூலை தொகுப்பு'.
2. வலப்பக்கம் மாதம் 1, 2, 3 என்று பத்து கட்டம் போடுங்கள். கடன் ஆறு மாதம்தான் என்றாலும் நிலுவை அதற்கப்புறமும் ஓடும்.
3. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தொகுப்பில் எவ்வளவு அசல் திரும்ப வேண்டும், எவ்வளவு திரும்பியது என்று வையுங்கள்.
4. நிலுவையை 1–30 நாள், 31–60 நாள், 61–90 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரியுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன்.
5. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எத்தனை சதவீதம் நழுவுகிறது என்று அனுமானம் வையுங்கள். ஆறு மாத நிஜத் தரவு கிடைத்ததும் அனுமானத்தை எடுத்துவிட்டு நிஜத்தைப் போடுங்கள்.

தொகுப்பாகப் பிரிப்பது ஏன்? வளர்ச்சி வாராக்கடனை மறைக்கும். ஜனவரியில் 40 லட்சம் கொடுத்தீர்கள். அதில் 2 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது, அதாவது 5 சதவீதம். அதற்குள் வேகமாகக் கடன் கொடுத்து மொத்த நிலுவையை 2 கோடியாக்கிவிட்டீர்கள். 2 கோடியில் 2 லட்சம் ஒரு சதவீதம்தான். போன வாரம் கொடுத்த கடன் இந்த வாரம் 90 நாள் தாண்ட முடியாதே! அனுபவமுள்ள முதலீட்டாளர் 'தொகுப்பு வாரியாகக் காட்டுங்கள்' என்றுதான் கேட்பார்.

படி 4: ஊர்க் காலண்டரைச் செருகுங்கள்

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே வளர்ச்சி வீதத்தை இழுத்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பணம் ஒரே சீராக ஓடுவதில்லை.

- ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். சீசன் கடைக்கு மே மாதம் பணம் வேண்டும், ஆகஸ்டுக்குள் கட்டிவிட வேண்டும். ஆகஸ்டில் ஆறு மாதக் கடன் கொடுத்தால் ஆளில்லாத மாதங்களில் தவணை கேட்டு நிற்போம்.
- ஓணத்தை ஒட்டி பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலிருந்து காய்கறி கேரளத்துக்கு ஏறும். அந்த வாரங்களில் வியாபாரிக்குச் சரக்கு எடுக்கப் பணம் தேவை, திரும்புவதும் வேகம்.
- கார்த்திகை, மார்கழியில் ஐயப்பப் பக்தர்கள் வரவால் குற்றாலம், செங்கோட்டைச் சாலைக் கடைகளுக்கு இரண்டாவது சுற்று.
- கார், பிசான நெல் அறுவடை முடிந்து பணம் புழங்கும்போது பலசரக்குக் கடையில் பழைய பாக்கி அடையும்.
- நோன்பு, பெருநாள் நேரத்தில் கடையநல்லூர், வடகரைப் பக்கம் வளைகுடாப் பணம் வரும். பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் காலண்டரில் கையால்தான் குறிக்க வேண்டும்.

அனுமான ஷீட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெருக்கல் எண் கொடுங்கள்: சாதாரண மாதம் 1, சுறுசுறுப்பான மாதம் 1.4, மந்தமான மாதம் 0.7. கடன் தேவைக்கு ஒரு வரிசை, வசூலுக்குத் தனி வரிசை. இரண்டும் ஒரே மாதத்தில் உச்சம் தொடுவதில்லை.

படி 5: எத்தனை கடனில் தலை தட்டும்?

மாத நிலைச் செலவு (சம்பளம், வாடகை, மென்பொருள், ஆடிட்டர்) 3 லட்சம் என்று வைப்போம். கொடுக்கும் கடனில் 60 சதவீதம் பழையவருக்கு, 40 சதவீதம் புதியவருக்கு என்றால், ஒரு கடனில் சராசரி மிச்சம் சுமார் 549 ரூபாய். 3 லட்சத்தை 549-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 546 கடன். வரவும் செலவும் சமமாகித் தலை தட்டுவது அங்கேதான்.

இங்கே நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள்:

1. மாதம் 546 என்றால் ஆறு மாதத்தில் 3,276 கடைகள் நம்மிடம் கடனில் இருக்க வேண்டும். அச்சன்புதூரில் அத்தனை கடை இல்லை. வட்டாரம் முழுக்க எத்தனை ஊர், ஊருக்கு எத்தனை கடை? எண்ணி எழுதுங்கள்.
2. மாதம் சுமார் 2.18 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும். நம் என்.பி.எஃப்.சி. அவ்வளவு தர எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறதா?
3. ஒரு களப் பணியாளர் எத்தனை கடையைப் பார்க்க முடியும்? 300 என்றால் 11 பேர் வேண்டும். அவர்கள் சம்பளம் 'வசூல் 200 ரூபாய்' என்ற வரியில் அடங்குகிறதா? 546-ஐ 200-ஆல் பெருக்கினால் 1,09,200. ஆளுக்குப் பத்தாயிரம்கூட வரவில்லை. அப்படியானால் அந்த 200 தப்பு. படி 2-க்குத் திரும்பிப் போய்த் திருத்துங்கள்.

மாடல் போடுவது என்பது இப்படி முன்னும் பின்னும் நடப்பதுதான். ஒரே மூச்சில் கடைசி ஷீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் எங்கேயோ ஒன்றைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறார்.

படி 6: ரொக்கம் எங்கே முடங்கும்?

லாபம் காட்டும் கம்பெனியும் ரொக்கம் இல்லாமல் மூடும். நம் தொழிலில் முடங்கும் இடம் இரண்டு.

முதலாவது, இழப்பு உத்தரவாதம் (டி.எல்.ஜி.). கடன் திரும்பாவிட்டால் ஒரு பகுதியை நாம் ஏற்பதாக என்.பி.எஃப்.சி.க்குத் தரும் உறுதி இது. 2023 ஜூன் 8-இல் ரிசர்வ் வங்கி இதற்கு விதி வகுத்தது. கொடுத்த கடன் தொகுப்பில் 5 சதவீதத்துக்கு மேல் உத்தரவாதம் கூடாது. அதையும் ரொக்க டெபாசிட்டாகவோ, உரிமை குறித்த வைப்பு நிதியாகவோ, வங்கி உத்தரவாதமாகவோதான் தர வேண்டும். வெறும் வாக்குறுதி செல்லாது. 3,276 கடனுக்கு 40,000 வீதம் 13.1 கோடி, அதில் 5 சதவீதம் 65.5 லட்சம். இந்தப் பணம் நம்முடையதுதான், ஆனால் தொட முடியாது.

இரண்டாவது, கூலி வரும் தாமதம். மாதம் 546 கடனில் நம் வரவு சுமார் 10.7 லட்சம். 45 நாள் கழித்துத்தான் தருவார்கள் என்றால் எப்போதும் 16 லட்சம் வெளியே நிற்கும். டி.டி.எஸ். பிடித்தம் வேறு. நாம் பில் போடும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரவு ஆகாது. அரசுக்குப் போக வேண்டிய பணம் நம் கையில் சில நாள் தங்குகிறது, அவ்வளவுதான்.

பதினெட்டு மாதத்தில் தலை தட்டும் நிலையை எட்டுவோம் என்று வைத்து, தேவையைக் கூட்டுங்கள்:

- மென்பொருள், சட்டம், பதிவு, தொடக்கச் செலவு: 12 லட்சம்
- பதினெட்டு மாத நிலைச் செலவு 54 லட்சத்தில், கடன்கள் ஈட்டிய சுமார் 19 லட்சம் போக நஷ்டம்: 35 லட்சம்
- உத்தரவாத டெபாசிட்: 65.5 லட்சம்
- வர வேண்டிய கூலி: 16 லட்சம்
- மொத்தம்: 128.5 லட்சம்

லாப நஷ்டக் கணக்கு மட்டும் போட்டவர் 47 லட்சம் போதும் என்று கேட்டிருப்பார். பத்தாவது மாதம் கடன் கேட்டு ஆள் வரிசையில் நிற்கும்போது, உத்தரவாதம் கட்டப் பணமில்லாமல் அவரே கதவைச் சாத்துவார்.

குறிப்பு: திரும்பாத கடனைச் செலவிலும் கழித்து, அதே பணத்தை டெபாசிட்டிலும் முழுதாக வைத்தால் ஒரு பகுதி இரண்டு தடவை விழும். மேலே உள்ள கணக்கில் அது சற்று விழுந்திருக்கிறது. முதல் வரைவில் அந்தப் பக்கம் தவறினால் கெடுதல் இல்லை. முதலீட்டாளரிடம் போகுமுன் ஒவ்வொரு தொகுப்புக்கும் 'டெபாசிட் வைத்தது, எடுத்துக்கொண்டது, திரும்பியது' என்று மூன்று வரி போட்டுச் சரிசெய்யுங்கள்.

படி 7: மூன்று கெட்ட நாள்

'எல்லாம் 10 சதவீதம் குறைந்தால்' என்ற சோதனையால் யாருக்கும் பயனில்லை. நிஜத்தில் நடந்ததை வைத்துச் சோதியுங்கள்.

1. அருவி மூடினால்: 2020 கொரோனா ஊரடங்கில் குற்றால அருவிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதே ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். சீசன் கடைகளின் வசூலை இரண்டு மாதம் பூஜ்யமாக்கிப் பாருங்கள். ரொக்கம் தாங்கவில்லை என்றால், சீசன் கடைகளுக்கு மொத்தக் கடனில் இத்தனை சதவீதம்தான் என்று இப்போதே உச்சவரம்பு வையுங்கள்.

2. ரிசர்வ் வங்கி கடிதம் வந்தால்: 2022 ஜூன் 20-இல், ப்ரீபெய்டு அட்டைகளில் கடன் வரம்பை ஏற்றக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. அதை நம்பியே தொழில் கட்டிய கம்பெனிகள் பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் வரவில் எந்த வரி ஒரே கடிதத்தில் மறையும்? அதை நீக்கிவிட்டு ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

3. பணம் தருபவர் கை இறுகினால்: என்.பி.எஃப்.சி. தன் பங்கை 14-லிருந்து 16 ஆக்கினால் ஒரு கடனுக்கு 233 ரூபாய் குறையும். முதல் கடனில் 117 மிச்சம் 116 நஷ்டமாகும். மூன்று மாதம் புதுக் கடனையே நிறுத்தினால் நிலைச் செலவு மட்டும் 9 லட்சம். ஆகவே இரண்டாவது என்.பி.எஃப்.சி.யோடு எப்போது ஒப்பந்தம் என்ற தேதியும் மாடலில் வேண்டும்.

படி 8: எவ்வளவு கேட்பது, எவ்வளவு கொடுப்பது?

128.5 லட்சத்தோடு ஆறு மாத நிலைச் செலவு 18 லட்சத்தைச் சேர்த்தால் 146.5 லட்சம். கேட்க வேண்டியது ஒன்றரைக் கோடி. முதலீட்டுக்கு முன் கம்பெனி மதிப்பு 6 கோடி என்று ஒத்துக்கொண்டால், பின் மதிப்பு 7.5 கோடி; முதலீட்டாளருக்கு 20 சதவீதம். மதிப்பு 4.5 கோடி என்றால் 25 சதவீதம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அடுத்த சுற்றில் இன்னும் 20 போனால் உங்கள் கையில் எவ்வளவு என்றும் பாருங்கள்.

முதல் படியாகத் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் திட்டத்தைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் தந்து 3 சதவீதப் பங்கு எடுக்கும் திட்டமாக அது அறியப்பட்டது. 10 லட்சம் என்பது 3 சதவீதம் என்றால் கம்பெனியின் மதிப்பு சுமார் 3.33 கோடி. நடப்புச் சுற்றின் தொகையையும் நிபந்தனையையும் அறிவிப்பில் பார்த்து நிரப்புங்கள். ஒன்றரைக் கோடியை ஒரே தடவையில் கேட்பதைவிட, சிறு தொகையில் இரண்டு மூன்று தொகுப்புகளின் வசூலைக் காட்டிவிட்டுக் கேட்டால் பேரம் நம் பக்கம் திரும்பும்.

ஒரு கேள்வியையும் மறக்க வேண்டாம்: வெளிப்பணம் வேண்டுமா? தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, 1996 முதல் வெளியார் முதலீடு வாங்காமல் வாடிக்கையாளர் தந்த பணத்திலேயே வளர்ந்தது. மென்பொருள் விற்பவருக்கு அது முடியும். கடன் தொழிலில் டெபாசிட் முடங்குவதால் கடினம். ஆனால் நம் செயலியைக் கடன் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடலாமே என்று தோன்றினால், அதற்கும் ஒரு மாடல் போட்டு ஒப்பிடுங்கள். 65.5 லட்சம் தேவைப்படாத தொழில் அது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- கொடுத்த கடன் தொகையை வருமானமாக எழுதுவது. 2 கோடி கொடுத்தால் நம் வருமானம் சில லட்சம்தான்.
- நிறுவனர் சம்பளத்தைப் பூஜ்யமாக வைப்பது. லாபம் இருப்பதுபோலத் தெரியும். வீட்டில் அரிசி வாங்க வேண்டாமா?
- ஐந்து வருடக் கணக்கை வருட வாரியாக மட்டும் போடுவது. முதல் 24 மாதம் மாத வாரியாக இருக்கட்டும். பணம் தீர்வது ஏதோ ஒரு மாதத்தில்தான்.
- செயலியைப் பதிவிறக்கியவரை வாடிக்கையாளர் என்று எண்ணுவது. முதல் தவணை கட்டியவரை எண்ணுங்கள்.
- முதலீட்டாளருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என மூன்று ஃபைல் வைப்பது. ஒன்றுக்கொன்று முரண்பட்ட அன்று நம்பிக்கை போய்விடும்.

பாதுகாப்பு: இங்கே விளையாட வேண்டாம்

1. ஊராரிடமும் துபாய் மச்சானிடமும் 'மாதம் இவ்வளவு வட்டி தருகிறேன்' என்று பணம் வாங்காதீர்கள். அது முதலீடு ஆகாது, டெபாசிட். ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும், தமிழகத்தின் 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சிறைத் தண்டனைவரை போகும்.
2. உறவினர் பங்காளியாக வர விரும்பினால் முறையாகப் பங்கு ஒதுக்குங்கள். தனிப்பட்ட ஒதுக்கீட்டில் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர், திருப்பி எடுத்துச் செல்லும் உரிமையோடு முதலீடு செய்தால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் போக வேண்டும். ஆடிட்டர் கட்டணத்தைச் செலவில் எழுதிவிடுங்கள்.
3. செயலி, கடைக்காரர் போனிலிருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது. இந்த விதிகளை மீறினால்தான் எட்டக்கூடிய வசூல் வீதத்தை அனுமானத்தில் வைக்காதீர்கள்.
4. வீட்டு நகையை அடகு வைத்து உத்தரவாத டெபாசிட் கட்டாதீர்கள். கெட்ட நாள் வந்தால் முதலில் போவது அந்த டெபாசிட்தான்.

அடுத்த அத்தியாயத்துக்கு வருமுன்

- இருபது கடையின் பதில்களும் தேதியோடு நோட்டில் இருக்கின்றனவா?
- ஒரு கடனின் கணக்கைத் தாளில் எழுதி, கடை அண்ணாச்சி ஒருவரிடம் ஐந்து நிமிடத்தில் விளக்க முடிந்ததா? அவர் எங்கே புருவம் உயர்த்தினார்?
- வாராக்கடன் 3-ஐ 4 ஆக்கினால் கேட்கும் தொகை தானாக மாறுகிறதா? மாறாவிட்டால் எங்கோ ஓர் எண் ஃபார்முலாவுக்குள் புதைந்திருக்கிறது.
- உங்கள் மாடலைப் பார்த்திராத நண்பர், நீல எண்களை மட்டும் மாற்றி மற்றதைப் புரிந்துகொண்டாரா?
- கடைசியாக, தெரிந்த தண்டல்காரர் யாரிடமாவது படி 3 ஷீட்டைக் காட்டி, 'இந்த வட்டாரத்தில் நூற்றுக்கு எத்தனை சுழி விழும்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண் உங்கள் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், அவருடையதைப் போட்டு மாடலை மறுபடி ஓட்டுங்கள்.